எங்கே வைப்பது?

சித்திரை மாதத்து வேலூர் வெயிலைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. கோட்டை அகழியில் தண்ணீர் தெரிந்தாலும் அதைப் பார்த்து யாருக்கும் உடம்பு குளிர்ந்ததாகக் கேள்வியில்லை. அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. கடையில் வாங்கிய 100 கிராம் வெண்ணெய்தான் வழக்குப் பொருள்.

"ஏம்மா, இதைக் கொண்டுபோய் பிரிட்ஜிலே வெச்சா கல்லு மாதிரி ஆயிடுது. குழந்தை தடவப் போனா ரொட்டியே கிழிஞ்சு போகுது. அலமாரியிலே வெச்சா என்ன?" என்றாள் என் தாயார்.

"அலமாரியிலே வெச்சா பத்து மணிக்குள்ளே எண்ணெயா ஓடிடுது, அத்தை. எறும்பு வேற வந்துடுது" என்றாள் என் மனைவி.

இருவர் சொன்னதும் உண்மை. ஆகவே இருவரும் என்னைப் பார்த்தார்கள். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன் நான். எத்தனையோ பேருக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன். சிலரை ஈவிரக்கமில்லாமல் கொன்றும் இருக்கிறேன். ஆனால் ஒரு வெண்ணெய்க் கட்டியின் தலைவிதியைத் தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் என் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்துவிட்டேன். அந்த யோசனை நான் எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

முதலில் வெண்ணெயைப் பற்றித் தெரிந்துகொள்வோம். கடையில் கட்டியாக விற்கிற உப்பு வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்காவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். நீர் 16 பங்குக்கும், உப்பு 3 பங்குக்கும் மிகக் கூடாது என்பது சட்டம். உப்பு கொழுப்பில் கரைவதில்லை. அந்தச் சிறிதளவு நீரில்தான் கரைந்து நிற்கிறது. ஆகவே வெண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு குட்டிக் கடல். அந்த உப்பு நீரில் கிருமிகள் எளிதில் வளர முடியாது. அதனால் உப்பு வெண்ணெய் இரண்டொரு நாள் வெளியே இருந்தாலும் கெட்டுப்போவதில்லை. அதற்கு எதிரிகள் காற்றும் வெளிச்சமும். அவை பட்டால் சிக்கு நாற்றம் வந்துவிடும். இன்னொரு எதிரி நம் ஊர் வெயில். வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும்.

வீட்டில் மத்தால் கடைந்து எடுக்கிற வெண்ணெயின் கதை வேறு. அதில் உப்பு இல்லை. மோர் நிறையத் தங்கியிருக்கும். ஒரே நாளில் புளித்து நாறத் தொடங்கும். அதனால்தான் நம் பெண்கள் அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நாலு நாள் சேர்ந்ததும் அடுப்பில் ஏற்றி, ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு நெய்யாக்கினார்கள். உருக்கும்போது நீர் முழுவதும் ஆவியாகிப் போய்விடுகிறது. நீர் இல்லாத இடத்தில் கிருமிக்கு வாழ்வு இல்லை. அதனால் நெய் மாதக் கணக்கில் அலமாரியில் இருக்கிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைப் பழமொழி கேலி செய்கிறது. ஆனால் இந்த வெயிலில் வெண்ணெயைக் காப்பாற்ற நம் முன்னோர் கண்ட வழியே அதை நெய்யாக்கிவிடுவதுதான்.

உலகத்தார் எல்லோருக்கும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. பிரான்ஸில் வெண்ணெய்க் கிண்ணத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைக்கிற ஒரு மண் பாத்திரம் உண்டு, நம் ஊர்ப் பெண்கள் கண்டால் "இது நம்ம வழக்கமாச்சே!" என்பார்கள். அயர்லாந்தில் வெண்ணெயைச் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைத்ததை இப்போதும் தோண்டி எடுக்கிறார்கள். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒரு பழைய ரக ரெஃப்ரிஜிரேட்டர். வெண்ணெய் கெடாமலிருக்கக் குளிர்ப்பெட்டியைக் கண்டுபிடித்த மனிதன், குளிரில் அது கல்லாகிவிடுகிறதே என்று வருந்தி, அந்தப் பெட்டிக் கதவுக்குள் வெண்ணெய்க்கென்று ஓர் அறை அமைத்து, அந்த அறைக்கு ஒரு சின்னச் சூடேற்றியும் வைத்தான்! குளிர்ப்பெட்டிக்குள் ஓர் அடுப்பு. மனிதனுடைய ஆசைக்கு இதைவிட நல்ல சின்னத்தை எந்தச் சிற்பியும் செய்துவிட முடியாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் தீர்ப்புச் சொல்வது எளிதாயிற்று. "உப்பு வெண்ணெயில் இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வெட்டி, மூடி போட்ட கிண்ணத்தில் அலமாரியில் வையுங்கள். மீதி பிரிட்ஜில் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் மட்டும் முழுவதையும் உள்ளே வைத்து, வேண்டும்போது கால் மணி முன்னதாக எடுத்தால் போதும். வீட்டு வெண்ணெய் பிரிட்ஜுக்கு. நெய் அலமாரிக்கு" என்றேன்.

மனைவி ஒப்புக்கொண்டாள். தாயார் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்க மாமியார் காலத்திலே எங்கே வைக்கிறதுன்னு யாரும் கேட்டதில்லைடா. மிஞ்சினதை யாருக்குக் கொடுக்கிறதுன்னுதான் கேப்பாங்க" என்றாள்.

வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அப்போதுதான் அது தொடங்கியது.

தாயார் சொன்னது உண்மைதான். எங்கள் பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம். எங்கள் ஆயா (பாட்டியை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம்) ஓர் எருமை வைத்திருந்தாள். விடியற்காலையில் தயிர் கடையும் சத்தம் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன். வெண்ணெய் வீட்டுக்கு. மோர் ஊருக்கு. எட்டு மணிக்குள் நாலைந்து பேர் சொம்போடு வந்து நிற்பார்கள். குளிர்ப்பெட்டி வந்தபின் அந்தக் காட்சி மறைந்தது. மோரையும் உள்ளே வைக்கலாம் அல்லவா? இன்றைக்கு மிஞ்சியது நாளைக்கு. நாளைக்கு மிஞ்சியது நாளை மறுநாளைக்கு. கடைசியில் ஒரு நாள் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு சாக்கடையில் ஊற்றுகிறோம்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, "அந்தக் காலம் போயிற்றே!" என்று ஒரு பெருமூச்சு விட்டால் வாசகர்களும் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள். ஆனால் என் ஞாபகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

சொம்போடு வந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள். பாலாற்றங்கரைக் காலனியிலிருந்து வருவாள். மற்றவர்கள் திண்ணைவரை வருவார்கள். அவள் கொல்லைப்புறத்தில் நிற்பாள். மற்றவர்களுடைய சொம்பை ஆயா கையில் வாங்கி நிரப்பிக் கொடுப்பாள். அந்தப் பெண்ணின் பாத்திரம் மட்டும் தரையில் இருக்கும். ஆயா நின்றபடியே உயரத்திலிருந்து ஊற்றுவாள். மோர் தெறிக்கும். தெறித்த மோரை அந்தப் பெண் முந்தானையால் துடைத்துக்கொள்வாள். நான் கதவோரம் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது அதிசயமாகத் தோன்றவில்லை. இன்று நினைக்கும்போது உடம்பு கூசுகிறது.

ஆயா கெட்டவள் அல்லள். ஆனால் அவள் கொடுத்தது எதை? மாலைக்குள் புளித்துவிடக்கூடிய மோரை. வெண்ணெயைக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. வைத்துக்கொள்ள வழியில்லாததைக் கொடுத்துவிட்டு அதற்குத் தருமம் என்று பெயர் வைத்தோம். குளிர்ப்பெட்டி வந்து நம் தருமத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்வது சரியல்ல. அது வந்தபின், அந்தத் தருமத்தில் பெரும்பங்கு மனத்திலிருந்து வந்ததல்ல, வெயிலிலிருந்து வந்தது என்பது வெளியாகிவிட்டது.

அந்தக் குளிர்ப்பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது 1991-ஆம் வருஷம் தீபாவளிக்கு. என் தந்தையார் ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். போனஸ் பணத்தில் வாங்கியது. ஆகவே தோலைப் பற்றியும் நான் பேசத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் வெண்ணெய் தின்று வளர்ந்தவன் எவனும் தோலைப் பற்றிப் பேசாமல் நழுவ முடியாது.

வெண்ணெயும் தோலும் ஒரே மாட்டிலிருந்து வருகிறவை. இரண்டுக்கும் பயம் ஒன்றே: கெட்டுப்போவது. உரித்த தோல் நம் வெயிலில் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். அதனால் உடனே உப்புப் போடுகிறார்கள். 100 கிலோ பச்சைத் தோலுக்கு 40, 50 கிலோ உப்பு. வெண்ணெயில் சிட்டிகையளவு உப்புச் செய்கிற வேலையை அங்கே மூட்டை மூட்டையாகச் செய்கிறது. தோல் தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை, அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறித்திருக்கிறார்கள். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. தோல் கெடாமல் வந்தது. ஷூவாகவும் கைப்பையாகவும் கப்பலேறியது. கழுவின தண்ணீர் எங்கே போயிற்று?

பாலாற்றுக்குப் போயிற்று. பாலாறு பெரும்பாலும் மணல்தானே? மணல் வழியே கீழே இறங்கிக் கிணறுகளுக்குப் போயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வரிசையாகக் கிணற்றுத் தண்ணீர் உப்பாயிற்று. தோல் தொழில் நடக்கும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்ற கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் அந்த வழக்கைத் தொடுத்தது 1991-இல். எங்கள் வீட்டுக்குக் குளிர்ப்பெட்டி வந்த அதே வருஷம்! 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயம் நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்சு அதில்தான் சொல்லிற்று. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், முதல் தீர்ப்புக்குப் பிறகு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

என் தந்தையாரின் கணக்குப் புத்தகங்களைச் சிறு வயதில் புரட்டியிருக்கிறேன். முத்து முத்தான கையெழுத்து. எத்தனை மூட்டை உப்பு வாங்கியது, என்ன விலை, வண்டிக் கூலி எவ்வளவு என்று காலணா விடாமல் எழுதியிருப்பார். அந்த உப்பு எங்கே போயிற்று என்று எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி இல்லை. அவர் மறைக்கவில்லை, அப்படி ஒரு பத்தி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இங்கேதான் என் வெண்ணெய் வழக்கின் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பொருளைக் கெடாமல் காக்கும்போது, கெடுதலை ஒழித்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அதை வேறோர் இடத்துக்கு அனுப்பிவைக்கிறோம். குளிர்ப்பெட்டியின் பின்புறத்தில் கை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே இருந்த உஷ்ணம் அழிந்து போகவில்லை, வெளியே வந்து நிற்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஓடிய வாயு, வானத்தில் நமக்குக் குடையாக இருந்த ஓசோனை அரித்துவிட்டது என்று தெரிந்து, 1987-இல் மாண்ட்ரீல் நகரத்தில் நாடுகள் கூடி அதை நிறுத்த ஒப்பந்தம் செய்தன. என் வெண்ணெய் கெடாமலிருந்த கணக்கில் வானத்துக்கும் ஒரு பற்று இருந்திருக்கிறது.

"அப்படியானால் எதையுமே காத்து வைக்கக் கூடாது என்கிறீரா? தோல் தொழிலை மூடிவிட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். அந்தத் தொழிலில் எத்தனை குடும்பங்கள் கஞ்சி குடிக்கின்றன என்பதை அறிந்தவன் நான். என் காலில் கிடப்பதும் ஆம்பூர்ச் செருப்புத்தான். அந்தச் சம்பளத்தில் படித்துவிட்டு, அந்தச் சம்பளத்தைப் பழித்து எழுதினால் என் பேனாவே என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆனாலும் ஒன்று கேட்கலாம். எனக்காக ஒரு பொருள் கெடாமலிருக்க, யாருடைய பொருள் கெடுகிறது?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூருக்குப் போயிருந்தபோது, கொல்லைப்புறத்தில் வந்து மோர் வாங்கிய அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை. மகள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கேன் தண்ணீர். காசு கொடுத்து வாங்கியது.

"கிணறு இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கிணறு இருக்குதுண்ணா. அந்தத் தண்ணியிலே பருப்பு வேகாது. துணி தோய்க்கவே சோப்பு நுரைக்க மாட்டேங்குது" என்று சாதாரணமாகச் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போன்ற குரல்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். எங்கள் வீட்டார் அந்தத் தாய்க்குக் கொடுத்தது, கெடப்போகிற மோர். எங்கள் வீட்டுச் சம்பளம் வந்த வழியில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது, கெட்டுப்போன கிணறு. இன்று அவள் மகள் எனக்குக் கொடுப்பது, விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீர். மூன்றையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும்?

அந்தக் கூடத்தில் தவணையில் வாங்கிய சின்னக் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. மகள் பால் எடுக்கத் திறந்தபோது, கதவுத் தட்டில் சிறு சிறு மருந்துக் குப்பிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டு.

"அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியா?" என்றேன்.

"அம்மாவுது ஒண்ணுதான். மத்ததெல்லாம் தெருக்காரங்க இன்சுலின். அவங்க வீட்டிலே பிரிட்ஜ் இல்லே. வெயில்லே கெட்டுடும்னு டாக்டர் சொன்னாராம். இடம் இருக்குது, வெச்சிருக்கேன்" என்றாள்.

'இடம் இருக்குது, வெச்சிருக்கேன்.' இருபது வருஷமாக நான் எழுதிய எந்தக் கதாபாத்திரமும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. கெடாமல் காப்பதில் குற்றமில்லை என்று எனக்கு அன்று தெளிவாயிற்று. எங்கள் வீட்டுப் பெட்டியில் நாலு நாளைய மோரும், யாரும் தொடாத ஜாம் பாட்டில்களும் இருக்கின்றன. அவள் பெட்டியில் நாலு பேருடைய உயிர் இருக்கிறது. பெட்டி ஒன்றுதான். அதில் யாருக்கு இடம் கொடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

தோல் தொழிலிலும் இப்போது வழி தேடுகிறார்கள். உப்புக்குப் பதிலாகத் தோலைக் குளிர்ந்த இடத்தில் காக்கலாம். சில நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் உப்பைக் குறைக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். கழிவுநீரை ஆற்றில் விடாமல் காய்ச்சி வற்றவைத்து உப்பைத் தனியே பிரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்துவிட்டன. பிரித்த உப்பு ஒன்றுக்கும் உதவாத கலப்பு உப்பு. மூட்டைகளாகவும் குவியல்களாகவும் கொட்டகைகளில் கிடக்கிறது. மழைக்குக் காட்டக் கூடாது, மண்ணில் கொட்டக் கூடாது, கடலுக்குக் கொண்டுபோவது எளிதல்ல. எங்கே வைப்பது? என் வீட்டுப் பெண்கள் வெண்ணெய்க்குக் கேட்ட அதே கேள்வி!

அந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் பக்கம் பார்த்திருக்கிறது. 2015 ஜனவரி 31-ஆம் தேதி, ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். யாரோ எங்கேயோ வைத்த ஒன்று, உறங்குகிறவர்கள்மேல் வந்து விழுந்தது.

வீடு திரும்பியதும் என் தீர்ப்பைச் சிறிது திருத்தினேன். வெண்ணெய் விஷயத்தில் மாற்றமில்லை. இரண்டு நாளைக்கு வேண்டியது அலமாரியில், மீதி உள்ளே. ஆனால் பால் ஏட்டைச் சேர்த்து என் தாயார் வாரம் ஒருமுறை கடைகிறாளே, அந்த மோர் இப்போது குளிர்ப்பெட்டிக்குள் போவதில்லை. கடைந்த அன்றே, புளிக்குமுன், எங்கள் தெருவில் குப்பை அள்ள வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டு டம்ளரிலேயே முன்வாசலில் கொடுக்கிறோம். இது பெரிய தருமம் அல்ல. ஒரு பழைய கடனில் காலணா வட்டி. முதல் நாள் என் தாயார் கொஞ்சம் தயங்கினாள். பிறகு டம்ளரை அவளே கையில் எடுத்துக் கொடுத்தாள்.

என் மகன் இப்போது ரொட்டி கிழியாமல் வெண்ணெய் தடவுகிறான். வெண்ணெய்க்கு இடம் கிடைத்துவிட்டது. பாலாற்றங்கரையில் அந்தப் பெண்ணின் வீட்டுப் பருப்பு இன்னும் கேன் தண்ணீரில்தான் வேகிறது. கொட்டகையில் கிடக்கும் அந்த உப்பு மூட்டைகளுக்கு அலமாரியா, பெட்டியா என்று என்னைக் கேட்டால், எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தில் இல்லாத பத்தியை யாராவது கோடு போட்டு எழுதத் தொடங்கினால், ஒரு வேளை பதில் வரலாம்.